ஒரே 0.7, இரண்டு வகைச் சந்தேகம்: வெகுமதியைக் கணிக்கும்போது மூளை எதைக் கணக்கில் எடுக்கிறது?

#1 | மங்கல்புள்ளி

ஒரு கேள்வி கொஞ்ச நாளாக மண்டையைக் குடைகிறது. பாடநூல்களில் தேடினால் நிகழ்தகவு ஓர் அத்தியாயத்தில் இருக்கிறது, புலனறிவு வேறோர் அத்தியாயத்தில் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

இரண்டு சோதனைகளை வைத்துக்கொள்வோம்.

முதல் சோதனையில் திரையில் ஒரு வடிவம் பளிச்சென்று தெரிகிறது. எந்த வடிவம் என்பதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அது வந்தால் 100-க்கு 70 தடவைதான் குரங்குக்குப் பழச்சாறு கிடைக்கும்.

இரண்டாவதில் அ, ஆ என்று இரண்டு வடிவங்கள். அ வந்தால் சாறு நிச்சயம். ஆ வந்தால் ஒருபோதும் கிடையாது. ஆனால் திரை மங்கல். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், "இது அ-வாக இருக்க 70 சதவீதம் வாய்ப்பு" என்பதற்கு மேல் அந்தக் குரங்கால் போக முடியாது.

இரண்டிலும் எதிர்பார்ப்பு 0.7. ஒன்றில் சந்தேகம் உலகத்தில் இருக்கிறது, இன்னொன்றில் கண்ணில் இருக்கிறது. டோபமின் என்ற ரசாயனத்தை வெளியிடும் நரம்பணுக்களான டோபமின் நியூரான்களுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? தெரிந்தால் எந்தக் கட்டத்தில் தெரியும்?

#2 | கணக்குப்பிள்ளை

தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

எதிர்பார்ப்பு மதிப்பு என்பது வாய்ப்பையும் மதிப்பையும் பெருக்கிக் கூட்டுவது. 0.7 × 1 + 0.3 × 0 = 0.7. வாய்ப்பு எங்கிருந்து வந்தது என்று பெருக்கல் கேட்காது. மாறுபாட்டை (முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) போட்டாலும் இரண்டிலும் 0.7 × 0.3 = 0.21 தான். மொத்தப் பரவலை எடுத்தாலும் 70 சதவீதம் "1", 30 சதவீதம் "0". அறிகுறி, அதாவது திரையில் படம், தோன்றிய கணத்தில் இரண்டையும் பிரித்துக்காட்ட எண் எதுவும் மிச்சமில்லை.

#3 | நடுமூளைவாசி

கணக்குப்பிள்ளை சொல்வது அந்த ஒரு கணத்துக்குச் சரி. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நடுமூளையில் டோபமின் நியூரான்களைப் பதிவு செய்தார். பழகாத குரங்குக்குத் திடீரென்று சாறு கொடுத்தால் அந்த நியூரான்கள் படபடவென்று துடிக்கும். ஓர் அறிகுறியைத் தொடர்ந்து எப்போதும் சாறு வரும் என்று பழகிவிட்டால், துடிப்பு சாற்றை விட்டுவிட்டு அறிகுறிக்கு இடம்பெயரும். பழகிய குரங்குக்குச் சாற்றைத் தராமல் விட்டால், வழக்கமாக அது வரவேண்டிய நேரத்தில் துடிப்பு அடிமட்டத்துக்குக் கீழே இறங்கும். 1997-இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டகு மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, இது ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் கணினிக்காக உருவாக்கியிருந்த கற்றல் விதியோடு பொருந்துகிறது என்று காட்டியது. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவதுதான் எதிர்பார்ப்புப் பிழை.

அந்தக் காலத்துச் சோதனைகளில் எல்லாம் அறிகுறி தெளிவானது. ஆகவே "எதிர்பார்த்தது" என்ற சொல் யாருடைய எதிர்பார்ப்பு என்று யாரும் கேட்கவேண்டி வரவில்லை. சோதனை நடத்துபவர் காட்டியதும் குரங்கு கண்டதும் ஒன்றாகவே இருந்தன.

அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்கள் மெக்ஸிகோவில் விக்டர் தெ லாஃபுவென்டேயும் ரனுல்ஃபோ ரோமோவும். 2011-இல் வெளிவந்த வேலை. குரங்கின் விரல் நுனியில் மிக மெல்லிய அதிர்வு ஒன்றைக் கொடுப்பார்கள், சில தடவை கொடுக்கமாட்டார்கள். அதிர்வு இருந்ததா இல்லையா என்று அது சொல்லவேண்டும். உணர்வின் விளிம்பில் இருக்கும் அதிர்வு என்பதால், அதே அதிர்வு சில தடவை உணரப்படும், சில தடவை தப்பிப்போகும். விரலில் பட்டது ஒன்றே ஆனாலும், குரங்கு "இருந்தது" என்று சொன்ன தடவைகளில் டோபமின் நியூரான்கள் துடித்தன, "இல்லை" என்று சொன்ன தடவைகளில் துடிக்கவில்லை. ஆக டோபமின் கேட்டுக்கொண்டிருப்பது விரலை அல்ல, விரலைப் பற்றி மூளை எடுத்த முடிவை.

இது பிடிபட்டால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். எதிர்பார்ப்புப் பிழை என்ற கழித்தலில் கழிக்கப்படுவது விலங்கின் நம்பிக்கை.

#4 | புதுசாவந்தவன்

குறுக்க கேக்குறேன், கோச்சுக்காதீங்க. டோபமின்னா சந்தோஷ ரசாயனம்னு தானே எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க? நீங்க கழித்தல் கணக்கு போடுறீங்க?

#5 | நடுமூளைவாசி

சந்தோஷம்தான் என்றால், எதிர்பார்த்த சாறு கிடைக்கும்போது அந்த நியூரான்கள் ஏன் சும்மா இருக்கின்றன? பழகிய குரங்கும் ஆசையாகத்தானே குடிக்கிறது. "வேண்டும்" என்பதும் "பிடிக்கிறது" என்பதும் மூளையில் வேறு வேறு என்று கென்ட் பெர்ரிட்ஜ் பல காலமாக வாதாடி வருகிறார், டோபமின் அதில் "வேண்டும்" என்ற கட்சி. அது தனி இழைக்கான விஷயம். இங்கே நுழைந்தால் மங்கல்புள்ளியின் கேள்வி காணாமல் போய்விடும்.

#6 | மங்கல்புள்ளி

விரல் அதிர்வுச் சோதனை நன்றாக இருக்கிறது. ஆனால் அது "உணர்ந்தேன் / உணரவில்லை" என்ற இரட்டை விடை. நான் கேட்டது 0.7. பாதி நம்பிக்கை, முக்கால் நம்பிக்கை என்று படிப்படியாக டோபமின் ஏறுகிறதா?

அப்புறம் கணக்குப்பிள்ளையின் வாதத்தை நான் இன்னும் விடவில்லை. நம்பிக்கை 0.7 என்றாலும் வாய்ப்பு 0.7 என்றாலும் நியூரான் ஒரே அளவுதான் துடிக்கும் என்றால், என் கேள்வி செத்துவிட்டது.

#7 | சாய்வுக்கோடு

சாகவில்லை. இதற்கு அழகான ஒரு தடயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் சோதனையில் எல்லாத் தடவையும் ஒரே 0.7. பத்தாவது தடவையும் நூறாவது தடவையும் குரங்குக்கு ஒன்றே. இரண்டாவது சோதனையில் அப்படி இல்லை. 0.7 என்பது நீங்கள் பல தடவைகளைச் சேர்த்துப் போட்ட சராசரி. ஒவ்வொரு தடவையும் கண்ணில் விழும் இரைச்சல் (தற்செயலான குழப்பம்) வேறு. அதே மங்கல் படம் ஒரு தடவை 0.95 என்று நம்ப வைக்கும், இன்னொரு தடவை 0.55-இல் நிறுத்தும். அப்படியென்றால் சாறு வருவதற்கு முன்பே, விலங்கு சரியாகத் தேர்ந்ததா தவறாகத் தேர்ந்ததா என்பதற்கான நிழல் அதன் மூளையில் இருக்கவேண்டும்.

அந்த நிழலின் வடிவம்தான் விசேஷம். விலங்கு எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டிய ஒரு சோதனையை வைத்து எண்ணில் சொல்கிறேன். திரையில் புள்ளிகள் வலப்பக்கம் நகர்ந்தால் நேர் எண், இடப்பக்கம் என்றால் எதிர் எண், எல்லைக்கோடு 0. இரைச்சலின் திட்ட விலக்கம் (வழக்கமான சிதறல் அளவு) 1. மூளைக்குக் கிடைப்பது உண்மை எண்ணும் இரைச்சலும் சேர்ந்த ஒரு கூட்டு. அந்தக் கூட்டு எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு உறுதி.

எளிதான படம், உண்மை எண் +2. சரியாகச் சொன்ன தடவைகளில் கூட்டின் சராசரி 2.06. தவறாகச் சொல்லவேண்டும் என்றால் இரைச்சல் −2-க்கும் கீழே போகவேண்டும். அது அபூர்வம், போனாலும் எல்லையை மயிரிழையில்தான் தாண்டும். சராசரியாக −0.37.

கடினமான படம், உண்மை எண் +0.2. சரியான தடவைகளின் சராசரி 0.88. தவறான தடவைகளின் சராசரி −0.73.

இப்போது உறுதியை மட்டும் பாருங்கள். சரியான தடவைகளில் படம் எளிதாக ஆக உறுதி ஏறுகிறது, 0.88-இலிருந்து 2.06-க்கு. தவறான தடவைகளில் படம் எளிதாக ஆக உறுதி இறங்குகிறது, 0.73-இலிருந்து 0.37-க்கு. வரைந்தால் இரண்டு கோடுகளும் ஒரு முனையில் நெருங்கி மறுமுனையில் வாய் பிளந்து நிற்கும். வெறுமனே படத்தின் தெளிவை மட்டும் அளக்கிற நியூரானால் இந்த வடிவத்தைத் தரவே முடியாது, ஏனென்றால் ஒரே தெளிவுக்கு அது ஒரே விடைதான் தரும்.

ஆடம் கெபெக்ஸ், நவோஷிகே உச்சிடா குழுவினர் 2008-இல் எலிகளின் கண்குழிமேல் புறணியில் (கண்களுக்கு மேலே உள்ள மூளையின் மேற்பரப்புப் பகுதி) இந்த வடிவத்தைக் கண்டார்கள். அங்கே மங்கல் திரைக்குப் பதில் இரண்டு வாசனைகளின் கலவை. பிறகு 2017-இல் அர்மின் லாக்கும் சகாக்களும், நகரும் புள்ளிகளைப் பார்த்து முடிவெடுக்கும் குரங்குகளின் டோபமின் நியூரான்களில், விடை தெரிவதற்கு முன்பே, தேர்வின் மீதான உறுதி இப்படித் தெரிவதைக் காட்டினார்கள்.

ஆக, மங்கல்புள்ளி, உங்கள் இரண்டாவது 0.7 என்பது ஓர் எண்ணே இல்லை. அது பல எண்களின் கூட்டம். முதலாவது ஒரே எண்.

#8 | கணக்குப்பிள்ளை

இது கேள்வியை மாற்றுவது. கேள்வியில் "70 சதவீதத்துக்கு மேல் போக முடியாது" என்று தெளிவாக இருக்கிறது. நம்பிக்கை சரியாக 0.7-இல் நின்ற தடவைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அதைத் தெளிவான 0.7-உடன் ஒப்பிடுங்கள். அறிகுறி நேரத்துத் துடிப்பு ஒன்றாகத்தான் வரும்.

#9 | சாய்வுக்கோடு

அப்படிப் பொறுக்கினால் ஒன்றாக வரும், ஆமாம். ஆனால் அந்த 0.7-க்கு எப்படி வந்து சேர்ந்தது என்ற பாதை வேறு. தெளிவான வடிவத்தை இன்னும் அரை நொடி பார்த்தாலும் 0.7 மாறாது. மங்கல் படத்தைப் பார்க்கப் பார்க்க நம்பிக்கை நகரும்.

நொமோட்டோவும் ஷுல்ட்ஸும் உடன் எழுதிய 2010 கட்டுரையில் இது கண்கூடு. நகரும் புள்ளிகள் தோன்றியதும் டோபமின் நியூரான்கள் முதலில் ஒரு சின்னத் துடிப்பு துடிக்கின்றன. "ஏதோ வந்திருக்கிறது" என்பதற்கு மேல் அதில் தகவல் இல்லை. எந்தத் திசை, அதற்கு எவ்வளவு வெகுமதி என்பது கொஞ்சம் தாமதித்து இரண்டாவது அலையாக வருகிறது. திசையைப் பிரித்தறிய நேரம் பிடிப்பதால் மதிப்பும் நேரம் பிடிக்கிறது. தெளிவான வடிவங்களை வைத்தே வேலை செய்த காலத்தில் இந்த இரண்டு அலைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே அலையாகத் தெரிந்தன.

#10 | ராப்பறவை

சூதாட்ட இயந்திரங்கள் இதில் எங்கே வருகின்றன? அங்கே திரை தெளிவு, வெகுமதிதான் நிச்சயமில்லை. அதாவது முதல் வகை. ஆனால் ஜனங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்களே.

#11 | நடுமூளைவாசி

அதற்கு ஃபியோரில்லோ, டோப்லர், ஷுல்ட்ஸ் மூவரின் 2003 சோதனையைப் பார்க்கவேண்டும். ஐந்து வடிவங்கள், அவற்றுக்குச் சாறு வரும் வாய்ப்பு 0, 0.25, 0.5, 0.75, 1. அறிகுறி தோன்றியதும் எழும் துடிப்பு வாய்ப்போடு சேர்ந்து ஏறியது. சாறு வந்தபோது எழும் துடிப்பு வாய்ப்பு கூடக்கூடக் குறைந்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததே. எதிர்பாராதது நடுவில் இருந்தது. அறிகுறிக்கும் சாற்றுக்கும் இடையேயான காத்திருப்பில் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது, அந்த ஏற்றம் 0.5-இல் உச்சம். நிச்சயமின்மை எங்கே அதிகமோ அங்கே ஏற்றமும் அதிகம். நிச்சயமின்மையே ஒரு கிளர்ச்சி தருகிறது என்றும், சூதாட்டத்தின் கவர்ச்சி அங்கேதான் என்றும் பலர் இதைப் படித்தார்கள்.

யேல் நிவ், டஃப், டயான் 2005-இல் ஒரு மறுப்பு எழுதினார்கள். டோபமின் நியூரானின் ஓய்வுநிலைத் துடிப்பே மிகக் குறைவு. அதனால் மேலே ஏற நிறைய இடம் உண்டு, கீழே இறங்க இடமில்லை. +0.5 பிழை பெரிதாகத் தெரியும், −0.5 பிழை சுருங்கித் தெரியும். பல தடவைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்யாமல் மேல்நோக்கிய ஏற்றம் ஒன்று மிஞ்சும். தனித்தனித் தடவையில் அப்படி ஓர் ஏற்றம் இருக்கவேண்டிய அவசியமே இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த மறுப்பு இன்றும் பிடிக்கும். சராசரிக் கோட்டைப் பார்த்து மனோபாவம் எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது இதைப் படித்திருக்கவேண்டும்.

#12 | கணக்குப்பிள்ளை

சரி, அறிகுறி நேரத்தை விடுவோம். வெகுமதி வந்த பிறகு பார்ப்போம். அங்கே எனக்கே ஒரு சிக்கல் தெரிகிறது, போட்டுக் காட்டுகிறேன்.

மங்கல் சோதனை. அ-வின் மதிப்பு 1, ஆ-வின் மதிப்பு 0. நம்பிக்கை 0.7 / 0.3. எதிர்பார்ப்பு 0.7. சாறு வந்தது. பிழை +0.3. கற்றல் வேகம் (பிழையில் எவ்வளவு பங்கு மதிப்பில் சேர்கிறது என்பது) 0.1 என்று வைப்போம்.

இந்தப் பிழையை யார் கணக்கில் எழுதுவது? நம்பிக்கையின் பங்குப்படி பிரித்தால் அ-வுக்கு 0.1 × 0.7 × 0.3 = 0.021, ஆ-வுக்கு 0.1 × 0.3 × 0.3 = 0.009. அதாவது ஒருபோதும் சாறு தராத ஆ-வின் மதிப்பு ஏறுகிறது. ஏற்கெனவே 1-இல் நிற்கும் அ-வின் மதிப்பு 1.021 ஆகிறது. இரண்டுமே அபத்தம். சாறு வராத தடவைகளில் அ-வின் மதிப்பு இதே வழியில் இறங்கும். மங்கல் படங்களிலேயே நாளெல்லாம் பழகினால் அ-வும் ஆ-வும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும்.

தெளிவான 0.7-இல் இந்தத் தொல்லை இல்லை. சாறு வந்தால் +0.3, வராவிட்டால் −0.7. 0.7 × 0.3 − 0.3 × 0.7 = 0. தானாகவே சமநிலை.

#13 | மங்கல்புள்ளி

இதுதான்! நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். முன்னால் பார்த்தால் இரண்டும் ஒன்று, பின்னால் பார்த்தால் வேறு.

ஆனால் ஒரு சந்தேகம். சாறு வந்துவிட்டால் "ஓ, அது அ-தான்" என்று விலங்குக்குத் தெரிந்துவிடுமே? சாறு அ-வுக்கு மட்டும்தானே வரும். அப்புறம் எதற்குப் பங்கு பிரிப்பது?

#14 | சாய்வுக்கோடு

நல்ல அடி. சாறே ஓர் அறிகுறி. அது வந்த பிறகு பேயஸ் விதிப்படி (புதுத் தகவலைக் கொண்டு வாய்ப்பைத் திருத்தும் விதி) நம்பிக்கையைத் திருத்தினால் அ 1, ஆ 0. அ-விடம் எதிர்பார்த்தது 1, கிடைத்ததும் 1. மதிப்பில் திருத்த ஒன்றுமே இல்லை. ஆனால் டோபமின் நியூரானைப் பொறுத்தவரை 0.7 எதிர்பார்த்து 1 கிடைத்திருக்கிறது, +0.3 துடிக்கத்தான் செய்யும். ஆச்சரியம் இருக்கிறது, அ-வைப் பற்றிப் பாடம் எதுவும் இல்லை.

அப்படியானால் அந்த +0.3 எதற்குப் பயன்படும்? ஒரு பதில், கண்ணைத் திருத்துவதற்கு. லாவும் ஜோஷுவா கோல்டும் 2009-இல் காட்டிய கணித மாதிரியில், புலன் நியூரான்களின் வெளியீட்டை முடிவெடுக்கும் நியூரான்கள் எந்த எடையில் வாசிக்கவேண்டும் என்பதையே இதே எதிர்பார்ப்புப் பிழை மெல்ல மெல்லத் திருத்துகிறது. நகரும் புள்ளிகளில் குரங்கு பல வாரங்களில் கூர்மையடைவதை அந்த மாதிரி விளக்கியது. மங்கல் சோதனையில் பிழை சொல்வது "உலகம் மாறிவிட்டது" என்று இல்லை, "நீ வாசித்த விதத்தைப் பார்" என்று. தெளிவான 0.7-இல் வாசிப்பில் திருத்த எதுவும் கிடையாது.

#15 | நடுமூளைவாசி

கொள்கையளவில் சரி. ஆனால் நிஜ விலங்குகள் இத்தனை சுத்தமாகப் பின்னோக்கித் திருத்துவதில்லை. கணக்குப்பிள்ளை "அபத்தம்" என்று சொன்ன அந்தக் கசிவு நிஜத்தில் நடக்கிறது.

லாக் குழுவினர் 2020-இல் எலி, சுண்டெலி, மனிதர் என்று பல தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கடினமான ஒரு தடவையில், அரைமனதோடு தேர்ந்து, அது சரியாகி வெகுமதி கிடைத்துவிட்டால், அடுத்த தடவையில் அதே விடையின் பக்கம் ஒரு சாய்வு வருகிறது. எளிதான தடவையில் கிடைத்த வெகுமதிக்குப் பிறகு அந்தச் சாய்வு குறைவு. அடுத்த படமும் மங்கலாக இருந்தால் சாய்வு நன்றாகத் தெரியும், தெளிவாக இருந்தால் காணாமல் போகும். ஒவ்வொரு தடவையும் படம் முந்தையதோடு தொடர்பில்லாமல் தற்செயலாக வருவதால் இந்தச் சாய்வால் பைசா பிரயோஜனம் இல்லை. ஆனாலும் பயிற்சியில் தேறிய விலங்குகளிடமும் இருக்கிறது.

ஏன் என்பது உங்கள் எண்களிலேயே இருக்கிறது. உறுதி குறைவு, எதிர்பார்ப்பு குறைவு, பிழை பெரிது, பாடம் பெரிது.

#16 | எதிர்வினை

இழை முழுவதும் எல்லோரும் ஒரே கோயிலில் கும்பிடுகிற மாதிரி இருக்கிறது. டோபமின் எதிர்பார்ப்புப் பிழைதான் என்று முடிவாகிவிட்டதா? விஜய் மோகன் நம்பூதிரி ஆய்வகத்தின் 2022 கட்டுரை அதையே கேள்வி கேட்டது. அவர்கள் பார்வையில் விலங்கு முன்னோக்கிக் கணிப்பதைவிடப் பின்னோக்கித் தேடுகிறது. வெகுமதி வந்த பிறகு "இதற்கு முன்னால் என்ன வந்தது" என்று பார்க்கிறது. டோபமின் அந்தக் காரணத் தேடலுக்கான சமிக்ஞை. எதிர்பார்ப்புப் பிழைக் கணித மாதிரியும் இவர்களின் கணித மாதிரியும் எதிரெதிராகச் சொல்லும் இடங்களைத் தேடிப் பிடித்துச் சோதித்திருக்கிறார்கள்.

இன்னொன்று, "நம்பிக்கை" என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்குகிறீர்கள். டோபமின் நியூரானுக்கு நம்பிக்கை ஏது?

#17 | சாய்வுக்கோடு

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் கொடுத்த எண்களில் நம்பிக்கை என்பது எல்லைக்கோட்டிலிருந்து உள்ள தூரம், அவ்வளவே. அதற்குப் பிரக்ஞை தேவையில்லை. ஆனால் நடத்தையில் அது வெளிப்படவேண்டும் என்று கேட்பது நியாயம். வெளிப்படுகிறது. முடிவு சொன்ன பிறகு எலியை வெகுமதிக்காகக் காக்க வைத்தால், உறுதியாக இருந்த தடவைகளில் அதிக நேரம் காத்திருக்கும், சந்தேகமான தடவைகளில் சீக்கிரம் கிளம்பிவிடும். கண்குழிமேல் புறணியை மருந்தால் முடக்கினால் வாசனையைச் சரியாகப் பிரிப்பது கெடவில்லை, காத்திருப்புக்கும் உறுதிக்கும் இடையேயான தொடர்புதான் கெட்டது. 2014-இல் வந்த வேலை அது. முடிவு எடுப்பதும், எடுத்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதும் பிரிக்கக்கூடியவை.

#18 | நடுமூளைவாசி

முதலாவதைப் பற்றி. பின்னோக்கித் தேடல் என்ற யோசனை எனக்கு உவப்பானதே, 13-ஆம் பதிவில் மங்கல்புள்ளி கேட்டதும் அதன் ஒரு சாயல்தான். ஆனால் நம்பிக்கைக் கணக்கு இல்லாமல் விளக்குவது மிகக் கடினம் என்று நான் நினைக்கிற ஒரு சோதனை இருக்கிறது. அதில் திரை மங்கல் இல்லை, காலம்தான் மங்கல்.

கிளாரா ஸ்டார்க்வெதர், சாமுவேல் கெர்ஷ்மன், உச்சிடா ஆகியோரின் குழு 2017-இல் செய்தது. சுண்டெலிக்கு ஒரு வாசனை வரும், பிறகு 1.2 முதல் 2.8 நொடிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் தண்ணீர் வரும். ஒரு கூட்டத்துக்கு 100 சதவீதம் வரும். மற்றொரு கூட்டத்துக்கு 90 சதவீதம்தான் வரும். வித்தியாசம் அந்தப் பத்து சதவீதம் மட்டுமே.

100 சதவீதக் கூட்டத்தில், தண்ணீர் தாமதமாக வரவர டோபமின் துடிப்பு குறைந்தது. காரணம் எளிது. இன்னும் வரவில்லை என்றால் இதோ வந்துவிடும், எதிர்பார்ப்பு கூடிக்கொண்டே போகிறது, ஆச்சரியம் குறைகிறது.

90 சதவீதக் கூட்டத்தில் நேர்மாறு. தாமதமாக வரவரத் துடிப்பு கூடியது. காத்திருக்கக் காத்திருக்க "இது தண்ணீர் வராத வெறும் தடவை" என்ற சந்தேகம் வலுக்கிறது. வரவேண்டியதில் பாதி நேரம் கடந்த நிலையில் வெறும் தடவையாக இருக்கும் வாய்ப்பு 0.1 / (0.1 + 0.45), கிட்டத்தட்ட 0.18. வரக்கூடியதில் பத்தில் ஒரு பங்கே பாக்கி என்ற நிலையில் 0.1 / (0.1 + 0.09), 0.53. பாதிக்கு மேல் கைவிட்ட நேரத்தில் சொட்டு விழுந்தால் ஆச்சரியம் பெரிதாகத்தானே இருக்கும்.

வாசனை ஒன்று, தண்ணீர் ஒன்று, நேரம் ஒன்று. துடிப்பின் போக்கு மட்டும் தலைகீழ். 2018-இல் அதே குழு முன்மூளைப் புறணியின் உட்பகுதியை முடக்கிப் பார்த்தது. 90 சதவீதக் கூட்டத்தின் போக்குதான் குலைந்தது, 100 சதவீதக் கூட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரத்தை எண்ணுவது வேறிடத்தில் நடக்கிறது, "நான் எந்தத் தடவையில் இருக்கிறேன்" என்று ஊகிப்பதற்குப் புறணி தேவைப்படுகிறது.

#19 | எதிர்வினை

இதைச் சும்மா ஒதுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னோக்கித் தேடும் மாதிரியிலும் உள்நிலை ஊகத்தைச் சேர்க்க இடமுண்டு, ஆனால் சேர்த்தாகவேண்டும். ஊகம் எங்கே கணக்காகிறது என்பது இரண்டு கட்சிக்கும் பொதுப் பிரச்சினை.

#20 | ராப்பறவை

புறணி முடக்கம் என்றதும் ஞாபகம் வந்தது. மங்கல் திரையோடு சேர்த்து அதே மாதிரி யாராவது செய்திருக்கிறார்களா?

#21 | நடுமூளைவாசி

செய்திருக்கிறார்கள், விடை கொஞ்சம் விசித்திரமானது. லாக் குழுவின் இன்னொரு 2020 கட்டுரை. சுண்டெலிகள் திரையில் மங்கலாகவோ தெளிவாகவோ தெரியும் கோட்டுப் படம் எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டும், இரண்டு பக்கங்களுக்கும் வெகுமதி அளவு வேறு. விலங்கு கணிக்கும் மதிப்பு = புலன் உறுதி × கற்ற மதிப்பு. இந்தப் பெருக்கல் விடை, முடிவு தெரிவதற்கு முன்பே டோபமின் நியூரான்களிலும் முன்மூளைப் புறணியின் உட்பகுதி நியூரான்களிலும் இருந்தது.

முடிவு தெரிவதற்கு முன் புறணியை முடக்கினார்கள். நான் எதிர்பார்த்திருப்பேன், கற்றல் மந்தமாகும் என்று. அதிகமானது! யோசித்தால் புரிகிறது. கழித்தலில் "எதிர்பார்த்தது" என்ற எண்ணைக் குறைத்துவிட்டால் பிழை பெரிதாகும், பெரிய பிழை பெரிய பாடம். டோபமின் நியூரான்களில் மாற்றம் செய்தபோது, முடிவு தெரிந்த பிறகு செய்த மாற்றமே பின்வரும் தேர்வுகளைப் பாதித்தது, முன்பு செய்தது பாதிக்கவில்லை.

#22 | கணக்குப்பிள்ளை

அப்படியானால் பெருக்கலைப் போட்டு வைத்திருப்பது புறணி, கழித்தலைச் செய்து அறிவிப்பது நடுமூளை. டோபமினில் முன்கூட்டியே தெரியும் 0.7 வெறும் எதிரொலி. இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு வகை 0.7-க்கும் கழித்தல் ஒன்றேதான் என்ற என் கட்சியும் நிற்கிறது, பெருக்கலுக்குள் போகும் உறுப்புகள் வேறு என்ற உங்கள் கட்சியும் நிற்கிறது. தெளிவான 0.7-இல் 1 × 0.7. மங்கலான 0.7-இல் 0.7 × 1.

#23 | புதுசாவந்தவன்

இந்த கடைசி வரி எனக்கே புரிஞ்சுடுச்சு. 👏

#24 | மங்கல்புள்ளி

1 × 0.7, 0.7 × 1 என்பதை எழுதி மேசைமேல் ஒட்டி வைத்துவிட்டேன்.

இனி சோதனை. ஒரே விலங்குக்கு ஒரே அமர்வில் இரண்டையும் கலந்து கொடுத்தால்? தெளிவான, 0.7 வாய்ப்புள்ள வடிவம் பாதித் தடவைகளில். மங்கலான, சராசரி 0.7 சரியாகச் சொல்லக்கூடிய படம் மீதிப் பாதியில். முடிவுக்கு முன் காத்திருப்பு நேரத்தை அளக்கலாம். தெளிவான தடவைகளில் காத்திருப்பு நேரத்துக்கும் விடைக்கும் தொடர்பே இருக்கக்கூடாது, ஏனென்றால் சாறு வருமா என்பது குரங்குக்குத் தெரியவே வழியில்லை. மங்கலானவற்றில் சரியான தடவைகளில் அதிக நேரம் காத்திருக்கவேண்டும். டோபமினிலும் அதே பிரிவு தெரியவேண்டும். சரிதானே?

#25 | சாய்வுக்கோடு

சரி. அடுத்த தடவையின் சாய்வையும் சேர்த்து அளந்துவிடுங்கள், இரண்டு வகை வெகுமதிக்கும் பிறகு தனித்தனியாக. மங்கல் தடவையில் உறுதி குறைவாக இருந்து ஜெயித்ததற்குப் பின்னால்தான் சாய்வு பெரிதாக வரவேண்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. 9-ஆம் பதிவில் சொன்ன முதல் அலை பளிச்சென்ற எதற்கும் எழும். தெளிவான வடிவமும் மங்கலான படமும் ஒளி அளவில் வேறாக இருந்தால், நீங்கள் அளப்பது மதிப்பையா வெளிச்சத்தையா என்று தெரியாது. திரையின் மொத்த ஒளியை இரண்டிலும் சமமாக வைத்து, மங்கலை இரைச்சல் புள்ளிகளால் மட்டும் கொண்டுவாருங்கள். இரண்டாவது அலையை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

#26 | மங்கல்புள்ளி

நகரும் புள்ளிகளையே வைத்துவிடலாம். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் போனால் தெளிவு, சிலது மட்டும் போனால் மங்கல். ஒளி அளவு மாறாது.

#27 | சாய்வுக்கோடு

மேல்நோக்கி எல்லாப் புள்ளியும் போனால் 0.7 வாய்ப்பு. இடம், வலம் என்றால் மங்கல், சரியாகச் சொன்னால் சாறு நிச்சயம். எத்தனை சதவீதப் புள்ளிகள் ஒரே திசையில் போகவேண்டும் என்பதை ஒவ்வொரு குரங்குக்கும் தனியாக, அது 70 சதவீதம் சரியாகச் சொல்லும் அளவுக்கு முன்கூட்டியே சரிசெய்யவேண்டியிருக்கும். பழகப் பழகக் கூர்மையடைந்துவிடும் என்பதால் அதை அவ்வப்போது திருப்பி அளக்கவும் வேண்டும்.